அரசியல் வேண்டாம், பாட்டு அனுப்புங்கள்

கும்பகோணம் பெரியப்பா: காலையிலிருந்து மும்மொழிக் கொள்கை பற்றியே காணொளி வருகிறது. இது குடும்பக் குழு. அரசியல் வேண்டாம், பாட்டு ஏதாவது அனுப்புங்கள்.

மாம்பலம் அத்தை: அனுப்பியது உங்கள் பிள்ளைதான் அண்ணா.

பெங்களூரு அண்ணன்: மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை நிறுத்தி வைத்தார்களே, பேசாமல் எப்படி இருப்பதப்பா?

பெரியப்பா: ஹிந்தி படித்தால் என்ன குறைந்துவிடும்? தெலுங்கு தெரியாமலேயே சின்ன வயசிலிருந்து தியாகராஜரைக் கேட்கிறேன். சங்கீதத்துக்கு மொழி கிடையாது.

அத்தை: கிடையாது என்றால் கச்சேரியில் தமிழ்ப் பாட்டை மட்டும் ஏன் கடைசியில் துக்கடாவாக, சின்ன உருப்படியாக ஒதுக்கினார்கள்? ஒரு தோடி ராகப் பாட்டைத் தமிழில் விஸ்தாரமாகப் பாடினால் சபா இடிந்து விழுந்துவிடுமா?

நான்: அத்தை, 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாட்டிலும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார்கள். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்தினார். 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. கல்கி விடாமல் எழுதினார். ராஜாஜியும் ஆதரித்தார்.

அண்ணன்: எந்த ராஜாஜி? 1938இல் பள்ளிக்கூடத்தில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியவரா?

நான்: அவரேதான். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர்விட்டது அந்தப் போராட்டத்தில். 1940இல் ஆணை வாபஸ் ஆனது. அப்புறம் இவர் தமிழிசைக்காகப் பேசினார், 1965இல் ஹிந்தி ஆட்சிமொழி ஆவதையே எதிர்த்தார். ஒரே ஆளை எந்தக் கட்சியில் சேர்ப்பது, சொல்லுங்கள்.

பெரியப்பா: அதெல்லாம் பழைய கதை. 2024இல் சென்னை மியூசிக் அகாடமி பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி விருது அறிவித்தபோது எத்தனை சண்டை! அகாடமிக்குள் அரசியலைக் கொண்டுவந்ததால்தானே?

நான்: அகாடமி பிறந்ததே அரசியலில்தான் பெரியப்பா. 1927 சென்னை காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் தீர்மானப்படி 1928இல் மியூசிக் அகாடமி ஆரம்பித்தார்கள்.

பெரியப்பா: தெரியும். அது வேறு அரசியல்.

அத்தை: ஆமாம், நமக்குப் பிடித்த அரசியல்.

பெரியப்பா: உடனே பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைக் குறை சொல்ல வந்துவிடாதீர்கள். துக்கடாவைக் கடைசியில் வைக்கிற இன்றைய கச்சேரி அமைப்பு அவர் வகுத்தது, சரி. ஆனால் திருப்பாவை முப்பதுக்கும் மெட்டுப் போட்டவரும் அவர். அருணாசலக் கவிராயரின் ராம நாடகப் பாட்டுகள் பலவற்றுக்கு மெட்டமைத்தவரும் அவர். தமிழில் பாட்டு எழுதிய முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் மூவரும் தியாகராஜருக்கு முந்தியவர்கள். தியாகராஜருக்கு வாய்த்த மாதிரி சீடர் வரிசை இவர்களுக்கு வாய்க்கவில்லை. ஏட்டில் சாகித்யம், அதாவது பாட்டின் வரிகள், நின்றது, பழைய மெட்டு பெரும்பாலும் போய்விட்டது. யாரும் சதி செய்யவில்லை.

அத்தை: சீடர் வரிசை யாருக்கு அமையும், யாருக்கு அமையாது என்பதில் அரசியலே இல்லையா? ராஜா யார், மானியம் யார் கையில் என்பதெல்லாம் எங்கே போயிற்று? தேவாரம் மட்டும் ஓதுவார்கள் வாயில் பிழைத்துக் கிடந்தது.

(பெரியப்பா அரை மணி நேரம் பதில் போடவில்லை. காப்பி குடிக்கப் போயிருப்பார்.)

அண்ணன்: இங்கே என் பெண் கதையைக் கேளுங்கள். பாட்டு வகுப்பில் முதல் கீதம் புரந்தரதாசர், கன்னடம். பள்ளியில் ஹிந்தி மூன்றாவது மொழி. தமிழ் பேசுவாள், எழுத வராது. தமிழ்ப் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடுகிறாள்.

அத்தை: ழகரம் வருகிறதா?

அண்ணன்: சிலசமயம்.

பெரியப்பா: அவளுக்கு கோபாலகிருஷ்ண பாரதியின் ‘வருகலாமோ’ சொல்லிக்கொடு. மாஞ்சி ராகம். நன்றாக உட்காரும்.

அத்தை: நந்தன் கோயிலுக்குள் வரலாமா என்று வெளியே நின்று கேட்கிற பாட்டு அண்ணா! அரசியல் வேண்டாம் என்றீர்களே?

பெரியப்பா: நான் ராகத்துக்காகச் சொன்னேன்.

அண்ணன்: நீங்களே பாடி அனுப்புங்கள் அப்பா. அவளுக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை. நீங்கள் ஒரு கட்டையில் பாடினால் அவளுக்கு எட்டாது.

பெரியப்பா: ஐந்தரையில் நான் எங்கே போவது? அத்தையைப் பாடச் சொல். சரணத்தில் வார்த்தையை விழுங்காமல் பாடச் சொல்.