கல்லீரல் கட்டி: ஏ.ஐ. 'சாதாரணம்' என்றால் எம்.ஆர்.ஐ.யை விட்டுவிடலாமா?

நிரலன்:
விடலாம் என்பது என் கட்சி. அல்ட்ராசவுண்டில் ஏதோ ஒரு கட்டி தென்பட்டதுமே எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பலவும் கடைசியில் ஹெமாஞ்சியோமா, அதாவது புற்று அல்லாத ரத்தநாளக் கட்டி என்றுதான் வருகின்றன. பளிச்சென்ற வெள்ளை, தெளிவான ஓரம், கட்டிக்குப் பின்னால் எதிரொலி கூடித் தெரிவது, இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் நன்றாகப் பயிற்சி பெற்ற ஏ.ஐ. மாடல் தடுமாறுவதில்லை. பிறகு ஏன் நோயாளியை அலையவிட வேண்டும்?

கதிரியல்வாசி:
இருப்பதிலேயே சுலபமானதை எடுத்துக்கொண்டீர்கள். கொழுப்பு படிந்த கல்லீரல் தானே வெள்ளையாக இருக்கும். அதற்குள் ஹெமாஞ்சியோமா கறுப்பாகத் தெரியும். கொழுப்பு சேர்ந்த சிறிய கல்லீரல் செல் புற்றோ, அதாவது எச்.சி.சி., வெள்ளையாகவே நிற்கும். பித்தப்பையை ஒட்டிக் கொழுப்பு படியாமல் விட்டுப்போன திட்டு கூட கட்டி மாதிரி ஏமாற்றும். படம் ஒன்றுதான். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ளவருடையதா, இல்லாதவருடையதா என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாகிவிடும்.

நிரலன்:
சிரோசிஸ், ஹெபடைடிஸ் பி, ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றைக் காட்டக்கூடிய ரத்தப் புரதம்) அளவு எல்லாவற்றையும் படத்தோடு சேர்த்தே மாடலுக்குக் கொடுக்கலாம், டாக்டர். அது தீராத சிக்கல் இல்லை.

எதிரொலி:
தீராத சிக்கல் பயிற்சிப் படங்களில் இருக்கிறது. சந்தேகப்பட்ட கட்டியைத்தான் டாக்டர் அளப்பார். அளந்ததும் படத்தில் காலிப்பரின், அதாவது திரையில் அளக்கும் கருவியின், சிறு கூட்டல் குறிகள் உட்கார்ந்துவிடும். மாடல் கட்டியை விட்டுவிட்டு அந்தக் குறிகளைக் கற்றுக்கொள்ளும். அழித்தாலும் அந்த இடத்தில் புள்ளித்தன்மை மழுங்கித் தெரியும், அதையும் பிடித்துக்கொள்ளும். சோதிப்பது எளிது: கட்டி இருக்கும் பகுதியைக் கறுப்பாக மறைத்துவிட்டு மீதிப் படத்தை மட்டும் கொடுங்கள். அப்போதும் 'புற்று' என்று சரியாகச் சொன்னால் அது கட்டியைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒரே நோயாளியின் ஃபிரேம்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருந்தால் அந்தத் துல்லியக் கணக்கையே நம்பாதீர்கள். புற்று படங்களெல்லாம் ஒரு கம்பெனி மெஷினிலும் சாதாரணப் படங்கள் இன்னொன்றிலும் எடுக்கப்பட்டிருந்தால், மாடல் கற்றது மெஷினைத்தான்.

நிரலன்:
ஒப்புக்கொள்கிறேன். ஃபிரீஸ் செய்ததும் சுத்தமான படத்தை ஒருமுறை சேமித்து, பிறகு அளந்து இன்னொன்றைச் சேமித்தால் காலிப்பர் பிரச்சினை போய்விடும். பிரிப்பது நோயாளிவாரியாக, சோதிப்பது வேறொரு மருத்துவமனையின் படங்களில். இதையெல்லாம் செய்து, உணர்திறன் (புற்றைப் புற்று என்று பிடிப்பது) 90%, தனித்தன்மை (புற்று இல்லாததைச் சாதாரணம் என்று சொல்வது) 90% என்று வந்தால்?

கதிரியல்வாசி:
கணக்குப் போடுவோம். சிரோசிஸ் உள்ளவர்களின் 100 கட்டிகளில் 40 புற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடல் 36-ஐப் பிடிக்கும், 4-ஐ விடும். மீதி 60-ல் 54-ஐச் சாதாரணம் என்று சரியாகச் சொல்லும். ஆக 'சாதாரணம்' என்று வீட்டுக்கு அனுப்பப்படும் 58 பேரில் 4 பேருக்குப் புற்று. இவர்களை எந்தத் தைரியத்தில் அனுப்புவீர்கள்?

புரோப்காரர்:
ஃபிரேமுக்குள் வராத கட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. உதரவிதானத்துக்குக் கீழே கல்லீரலின் 7, 8-ஆம் செக்மென்ட்கள் (பிரிவுகள்) நுரையீரல் காற்றில் மறையும். இடது மடலின் நுனியும் விட்டுப்போகும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி விலாவுக்குக் கீழிருந்து ஒரு முறை, இடப்பக்கம் சாய்த்து விலா இடுக்கு வழியாக ஒரு முறை ஓட்டியே ஆக வேண்டும். கொழுப்புக் கல்லீரலில் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி ஆழம் வரை போகாது, 2-3க்கு இறங்கணும். ஆரம்ப நிலை எச்.சி.சி.யை அல்ட்ராசவுண்ட் மட்டும் பிடிப்பது 45%, ஏ.எஃப்.பி. சேர்த்தால் 63% என்று 2018-இல் வந்த, பல ஆய்வுகளைத் தொகுத்த மெட்டா ஆய்வு சொல்கிறது. ஏ.ஐ. எந்த செக்மென்ட் இன்னும் பார்க்கப்படவில்லை என்று ஸ்கேன் நடக்கும்போதே சொல்லட்டும். எனக்கு அதுதான் வேண்டும்.

நிரலன்:
ரத்தத்தில் நுண்குமிழ் மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் வீடியோவைக் கொடுத்தால் கதை மாறும். ரத்தம் ஏறி இறங்குவதை மாடல் ஃபிரேம் ஃபிரேமாக அளக்கும்.

புரோப்காரர்:
வீடியோ எப்படி எடுக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு குமிழ் மருந்து 2.4 மி.லி., பின்னாலேயே 5 மி.லி. சலைன், அப்போதே டைமர். 20 கேஜ் ஊசி. ரொம்ப மெல்லியதில் அழுத்தித் தள்ளினால் குமிழ் உடையும். முதல் 60 நொடி தொடர்ந்து, பிறகு 5 நிமிடம் வரை விட்டு விட்டுப் பார்க்கணும். தொடர்ந்து ஓட்டினால் ஒலியே குமிழ்களை உடைத்துவிடும், கட்டியிலிருந்து கான்ட்ராஸ்ட் வடிந்துவிட்டது போலப் பொய்யாகத் தெரியும்.

எதிரொலி:
அதோடு, எச்.சி.சி.யில் வடிதல் 60 நொடிக்குப் பிறகு, லேசாக வரும். 60 நொடிக்குள் வடிந்தால் மெட்டாஸ்டாஸிஸ் (வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று) அல்லது பித்தநாளப் புற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு நிமிட கிளிப்பில் மட்டும் பயிற்சி பெற்ற மாடலுக்கு அந்தத் தாமத வடிதலைப் பார்க்கவே வாய்ப்பில்லை.

நிரலன்:
சரி, எல்லையைச் சுருக்குகிறேன். சிரோசிஸ் இல்லை, ஹெபடைடிஸ் பி இல்லை, வேறு புற்று வந்ததில்லை, 3 செ.மீ.க்குள் அச்சு அசலான வெள்ளைக் கட்டி. இங்கேயாவது?

கதிரியல்வாசி:
அங்கே ஏ.ஐ. இல்லாமலேயே நாங்கள் எம்.ஆர்.ஐ. எழுதுவதில்லை. ஆனால் சிரோசிஸில் 1 செ.மீ.யும் அதற்கு மேலும் என்றால், மாடல் என்ன சொன்னாலும் கான்ட்ராஸ்ட் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. 1 செ.மீ.க்குக் கீழே என்றால் 3-6 மாதத்தில் மறு ஸ்கேன். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

நிரலன்:
கதிரியல் நிபுணரே இல்லாத இடத்தில் அந்த அச்சு அசலான கட்டிக்கும் எழுதத்தான் செய்கிறார்கள், டாக்டர். நான் கேட்பது அவர்களுக்காக.

எதிரொலி:
அப்படியானால் அங்கே வைக்கும் மாடலுக்கு 'தெரியவில்லை' என்று சொல்லும் வழியையும் கொடுங்கள். பார்வை மோசமான ஸ்கேனில் அது வாயைத் திறக்கக் கூடாது.