ஹாலில் 11 பேர் குரூப் போட்டோ: ஒரு ஓரம் இருட்டு, பின்வரிசை மங்கல், மூக்குக்கண்ணாடியில் குடை

மாட்டுங்காவாசி:
ஞாயிறு அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்ததும் மும்பை மாட்டுங்கா ஃபிளாட் ஹாலிலேயே 11 பேரையும் எடுக்கணும். ஹால் 10க்கு 16 அடி. கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா, 35 எம்எம் லென்ஸ், ஒரே ஸ்பீட்லைட் (சின்ன ஃபிளாஷ்), அதன் வெளிச்சத்தைப் பரப்ப ஸ்டாண்டில் வெள்ளைக் குடை. ஒத்திகையில் இடது ஓரத்து முகம் வெளுத்தது, வலது ஓரம் இருட்டு. பின்வரிசை மங்கல். கண்ணாடி போட்டவர்கள் கண்ணில் குடை தெரிகிறது. லென்ஸ் திறப்பு எஃப் 2, ஷட்டர் 1/60 வினாடி, ஐஎஸ்ஓ (சென்சார் உணர்திறன்) 400, ஃபிளாஷ் முழு பவரில் 1/64. குடை இடது ஆளுக்கு நாலரை அடியில். டியூப்லைட் எரிந்தது.

செம்பூர் ஸ்டுடியோ:
தம்பி, முதலில் குடையை நகர்த்துங்க. இடது ஆளுக்கு நாலரை அடி, வலது ஆளுக்கு ஒன்பது அடி என்றால் அந்தப் பக்கம் நாலில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போகும். ஃபிளாஷ் பவரை எவ்வளவு கூட்டினாலும் இந்த வித்தியாசம் மாறாது. ஸ்டாண்டைக் கேமராவுக்கு இடப்பக்கம் ஒட்டி வையுங்க. 10 அடி, பதினொன்றரை அடி என்று ஆகிவிடும், அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) வித்தியாசம்கூட வராது. குடையின் மூக்கு வலது ஓரத்து ஆளைப் பார்க்கட்டும்.

குடை 8 அடி உயரத்தில், கேமரா நெஞ்சளவில். மேலிருந்து வரும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தரைக்குப் போய்விடும். அப்படியும் மினுக்கினால் காதுப்பக்கக் கம்பியைத் துளி தூக்கிவிடுங்க. முகத்தைத் திருப்பச் சொல்லாதீங்க, பார்வை கோணிப்போகும். அந்த உயரத்தில் ஃபேன் இறக்கை இடிக்கும், அதனால் ஃபேனை நிறுத்திவிட்டுக் குடையைத் தூக்குங்க.

மங்கலுக்குக் காரணம் எஃப் 2. மூணேகால் மீட்டரில் உட்கார்ந்தவர் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அதற்குப் பின்னால் 40 செ.மீ. வரைதான் தெளிவு. நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர் முகம் 60 செ.மீ. தள்ளி இருக்கும். எஃப் 5.6 வைத்துத் திறப்பைச் சுருக்கினால் ஒரு மீட்டருக்கு மேலேயே கிடைக்கும். ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/160, ஃபிளாஷ் 1/8இல் தொடங்கிக் கேமரா திரையைப் பார்த்துக் கூட்டுங்க. டியூப்லைட்டை அணைச்சிடுங்க, முகத்தில் பச்சை ஏறாது.

மாட்டுங்காவாசி:
நன்றி அண்ணா. குடை இல்லாமல் ஃபிளாஷைச் சுவரில் பட்டுத் திரும்பும்படி (பவுன்ஸ்) அடிக்கலாமா? சுவர் இளம்பச்சை.

செம்பூர் ஸ்டுடியோ:
வேண்டாம். சுவர் நிறம் அப்படியே முகத்தில் இறங்கும்.

மாஹிம் கேமரா:
நிற்க வைக்கிறதையும் கவனிங்க. கைப்பிடி இல்லாத நாற்காலிகளை ஒட்டிப் போட்டு நாலு பேர், நடுவில் அப்பா அம்மா. பின்னால் ஐந்து பேர், உடம்பை நடுப்பக்கம் கால்வாசி திருப்பி, ஒருவர் தோளை அடுத்தவர் பாதி மறைக்க. முன்வரிசையில் இரண்டு தலைக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் பின்வரிசைத் தலை வரணும். குழந்தைகள் இரண்டு பேரும் தரையில், அப்பா அம்மா காலடியில். பின்வரிசைக்கும் சுவருக்கும் இரண்டடி விடுங்க, நிழல் தலைக்குப் பின்னால் ஒட்டாது.

ரோஜா மாலை கனமாக இருந்தால் உட்கார்ந்ததும் மேலேறி மோவாயைத் தொடும். பிடரிப் பக்கம் பின்னால் இழுத்துவிட்டால் கழுத்து தெரியும். அப்பாவின் வெள்ளை வேட்டி முழங்காலில்தான் முதலில் வெளுக்கும், அதனால் காலைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து வைக்கச் சொல்லுங்க, எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) வேட்டி மடிப்பு தெரிகிறதா என்று பார்த்தே முடிவு பண்ணுங்க.

ட்ரைபாடில் வைத்து 15 ஃபிரேமாவது எடுங்க. எல்லாரும் கண்ணை மூடி, மூணு எண்ணியதும் திறக்கட்டும். யாராவது இமைத்திருந்தால் வேறு ஃபிரேமிலிருந்து முகத்தை எடுத்து ஒட்டலாம்.

இந்த லென்ஸில் அந்த மூணேகால் மீட்டர் தூரத்துக்குப் படத்தில் விழும் அகலம் சுமார் 2.2 மீட்டர்தான். 8க்கு 10 அங்குல அச்சு போட்டால் அதில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்பட்டு ஓரத்தில் நிற்பவர் தோள் போய்விடும். 8க்கு 12 சட்டமாகவே சொல்லிவையுங்க.