தவளைத் தோலில் இருக்கும் மருந்து மாத்திரையாக ஏன் வரவில்லை?

கேள்வி:
நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு மாணவி நான். 1987-இல் மைக்கேல் சாஸ்லாஃப் ஆப்பிரிக்கத் தவளையின் தோலிலிருந்து மகைனின் என்ற கிருமிகொல்லிப் பெப்டைடைப் (சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) பிரித்தெடுத்தார். அறுவைசிகிச்சை முடிந்து அழுக்குத் தொட்டியில் விடப்பட்ட தவளைக்குச் சீழ் பிடிக்கவில்லையாம்! பிறகும் ஏன் ஆன்டிபயாடிக்கையே கட்டிக்கொண்டு அழுகிறோம்?

மறுமொழி 1:
விழுங்கினால் குடல் நொதிகள் சும்மா விடுமா? 23 அமினோ அமிலங்கள்தானே, நறுக்கிப் போட்டுவிடும். ஊசியாகப் போட்டாலும் தொல்லைதான். நான் ஒரு பெப்டைடோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். சோதனைத் தட்டின் குழிகளில் பாக்டீரியாவோடு அதைக் கலந்தேன்; வெறும் வளர்ப்பு ஊடகத்தில் குழிகள் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தன, பாக்டீரியா வளரவில்லை. அதே அளவோடு கொஞ்சம் இரத்தச் சீரம் சேர்த்தேன். மறுநாள் காலை அத்தனை குழியும் பாக்டீரியா பெருகிக் கலங்கிக் கிடந்தது. அளவைக் கூட்டினால் சிவப்பணுக்கள் உடைகின்றன. அன்று மதியம் தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுமொழி 2:
மகைனினைத் திருத்திச் செய்த பெக்சிகனான் களிம்பு நீரிழிவுக் கால்புண்ணுக்காகச் சோதிக்கப்பட்டது. 1999-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி மறுத்தது.

கேட்டவர்:
இந்தப் பெப்டைடுகள் பாக்டீரியாவின் சவ்வையே தாக்குவதால் அதற்கு மருந்தை எதிர்க்கும் ஆற்றல் வராது என்கிறார்களே?

மறுமொழி 1:
அதை நம்பாதீர்கள். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கும் சவ்வைத் தாக்கும் பெப்டைடுதான். அதற்கு எதிர்ப்புத் தரும் எம்சிஆர்-1 மரபணு, பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் ஏறி பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா தாவுவதை 2015-இல் அறிவித்துவிட்டார்கள்.