கொரியாவில் காவல் இருந்த எங்கள் ஐயா

கண்டனூர்க்காரன்:

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸில் நர்சிங் சிப்பாய். வடகொரியாவும் தென்கொரியாவும் மோதிய போரின்போது, லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 1950 கடைசியில் கொரியா போன இந்திய மருத்துவப் படை அது. சண்டையைப் பற்றிக் கேட்டால் நாலு வரியில் முடித்துவிடுவார். 1953 ஜூலை 27ல் போர்நிறுத்தம் கையெழுத்தான பிறகு கழிந்த மாதங்களைப் பற்றித்தான் விடிய விடியப் பேசுவார். "குண்டு விழுந்தப்போகூட வீட்டு நினைப்பு வரலப்பா. நின்ன பிறகுதான் ஒவ்வொரு நாளும் இழுத்துச்சு" என்பார்.

சொந்த நாட்டுக்குத் திரும்ப மாட்டோம் என்ற போர்க்கைதிகள் 22,000 பேருக்கு மேல். பெரும்பாலும் வடகொரியா பக்கம் சண்டையிட்ட சீனர்களும் கொரியர்களும். அவர்களைக் காவல் காக்கும் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. கைதிகளை என்ன செய்வது என்று பார்க்க அமைத்த நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு ஜெனரல் திம்மையா தலைவர். காவல் படைக்கு மேஜர் ஜெனரல் தோரட். இந்தியச் சிப்பாய் தன் மண்ணை மிதிக்கக் கூடாது என்று தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ சொல்லிவிட்டார். அதனால் இந்தியாவிலிருந்து வந்த காவல் படையை இஞ்சோன் கடலில் கப்பலிலிருந்தே ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய், இரண்டு கொரியாவுக்கும் நடுவே படை இல்லாத பகுதியில் இறக்கினார்கள். ஐயாவின் ஆம்புலன்ஸும் அவர்களோடு சேர்ந்தது. கூடார முகாமுக்கு ஹிந்த் நகர் என்று பெயர்.

கைதியை ஒரு கூடாரத்துக்குக் கூட்டி வருவார்கள். அவன் நாட்டு அதிகாரி எதிரே உட்கார்ந்து, "ஊருக்கு வந்துவிடு" என்று எடுத்துச் சொல்வார். வெளியே போக இரண்டு வாசல். ஒன்று ஊருக்கு, மற்றது திரும்பவும் முள்வேலிக்குள்.

கையில் புண்ணோடு ஒரு சீனப் பையன் கட்டு மாற்ற வருவானாம். ஒருநாள் ஐயா சட்டைப்பையில் இருந்த படத்தைக் காட்டியிருக்கிறார்: அப்பத்தா மடியில் கைக்குழந்தையாக எங்கள் அப்பா. பையன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, நல்ல கையின் விரலால் மண்ணில் ஒரு வீடு, பக்கத்தில் ஒரு மரம், வாசலில் ஒரு பொம்பளை என்று வரைந்தான். அவனைக் கூடாரத்துக்கு அழைத்துப் போன நாளுக்குப் பிறகு கட்டு மாற்ற வரவே இல்லை. எந்த வாசல் வழியாகப் போனான் என்று ஐயாவுக்குக் கடைசிவரை தெரியாது. எண்பது வயதிலும் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்.

தேவகோட்டை மருமகள்:

அண்ணே, படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. ஊரில் இருந்த அப்பத்தா என்ன பாடுபட்டார்கள்? எங்கள் மாமியாரின் அப்பச்சி பர்மாவில் இருந்தவர். கடிதம் வராத மாதம் வீட்டில் யாரும் உரக்கப் பேச மாட்டார்களாம்.

கண்டனூர்க்காரன்:

அப்பத்தா ஒரு செட்டியார் வீட்டில் சமையல் வேலை பார்த்தது, தங்கச்சி. எழுத்து தெரியாது. ஐயாவின் கடிதத்தை அந்த வீட்டுக் கணக்கப்பிள்ளைதான் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். பர்மாக் கடிதங்களை வாசித்துப் பழகியவர். அப்பத்தா கேட்காமலே இரண்டாம் தடவையும் வாசிப்பாராம். நல்ல மனுசன். சண்டை நடந்தவரை ஊரே அனுதாபப்பட்டது. நின்றபின்தான் கொடுமை. "அதான் முடிஞ்சு போச்சே, ஒன் புருசன் ஏன் இன்னும் வரல?" என்று கிணற்றடியில் கேட்பார்கள். அதுக்கு என்ன பதில் சொல்லும்? கொப்புடையம்மனுக்கு நேர்ந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

முன்னாள் ஜவான், சிவகங்கை:

நான் லெபனானில் ஐ.நா. படையில் இருந்தவன். உங்கள் ஐயா சொன்னது அப்படியே உண்மை, தம்பி. துப்பாக்கி கையில் இருக்கும், சுடக் கூடாது. இரண்டு பக்கமும் நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பான். அந்தப் பொறுமைக்கு எந்தப் பயிற்சியும் போதாது. அவர்களைக் கைதிகள் தாக்கவில்லையா?

கண்டனூர்க்காரன்:

கல்லெறி உண்டு அண்ணே. செப்டம்பரில் ஒரு மேஜரையே கைதிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தோரட் நேரே முகாமுக்குள் போய் மீட்டு வந்தார். அப்புறம் குளிர். வாளித் தண்ணீர் கட்டியாகிவிடும். காய்ச்சாமல் மருந்துகூடக் கரைக்க முடியாது.

1954 ஜனவரியில் காவல் முடிந்தது. இந்தப் பக்கமும் வேண்டாம், அந்தப் பக்கமும் வேண்டாம் என்ற 88 பேர் நம் நாட்டுக்கே வந்தார்கள். ஐயாவும் ஊர் வந்து சேர்ந்தார். கொரியாவில் சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. அந்தப் போர்நிறுத்தத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் பக்கத்து வீடுகளில் பழைய பெட்டகத்தில் கொரியாக் கடிதம், படம் ஏதாவது இருந்தால் கரையான் அரிக்கும் முன் படமெடுத்துப் போடுங்கள். ஐயாவோடு இருந்தவர்கள் யாராவது அதில் இருக்கலாம்.