காலாங் மைதானம் யார் காசில் கட்டியது?

பிரியா: சனிக்கிழமை காலாங் நேஷனல் ஸ்டேடியம் கச்சேரிக்கு நாங்கள் நான்கு பேர் போகிறோம். ஸ்டேடியம் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் வாசல். நம்ம சிங்கப்பூருக்கு இப்போதுதான் பெரிய பாடகர்கள் எல்லாம் வருகிறார்கள். 2024-ல் டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு நாள் பாடினாரே!

ரவி மாமா: இப்போதுதானா? மைக்கேல் ஜாக்சன் 1993-லேயே காலாங்கில் பாடிவிட்டுப் போயாச்சு.

கதிர்: எப்படி மாமா? அந்த அரங்கத்தையே 2014-ல்தானே திறந்தார்கள்.

ரவி மாமா: இது புதுசு. அதற்கு முன்னால் அங்கே பழைய நேஷனல் ஸ்டேடியம் இருந்தது. கிராண்ட்ஸ்டாண்டுக்கு மட்டும்தான் கூரை. மற்றவர்கள் வெயிலோ மழையோ வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மாலா அத்தை: நான் போயிருக்கிறேன்! ஆகஸ்ட் 29, அவருக்கு 35-வது பிறந்தநாள். மொத்தக் கூட்டமும் ஹாப்பி பர்த்டே பாடியது. மறுநாள் டிக்கெட் எடுத்தவர்கள்தான் பாவம். வந்து உட்கார்ந்த பிறகு ஆட்டம் கிடையாது என்றார்கள். தலைவலி தாங்காமல் மேடைக்குப் பின்னால் மயங்கி விழுந்துவிட்டாராம். செப்டம்பர் 1 அன்றுதான் அந்தக் கடனைத் தீர்த்தார்.

பிரியா: அத்தை, இதை இத்தனை நாள் சொல்லவே இல்லையே!

மாலா அத்தை: நீ கேட்கவே இல்லையே. அம்மாவிடம் டியூஷன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அண்ணன் இந்தக் குழுவில் இருப்பதை மறந்துவிட்டேன்.

பெரியப்பா: இருக்கிறேன். அன்றைக்கே தெரியும்.

பெரியப்பா: கச்சேரியை விடுங்கள். அந்த மைதானம் யார் காசில் எழுந்தது தெரியுமா? நம்ம அப்பா காசில்.

கதிர்: தாத்தா காசிலா??

பெரியப்பா: அவர் மாதிரி ஆட்கள் காசில். கள்ளச் சூதாட்டத்தை ஒழிக்க 1968-ல் சிங்கப்பூர் பூல்ஸ் என்ற அரசு லாட்டரி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலில் டோட்டோ லாட்டரி, அடுத்த வருடம் சிங்கப்பூர் ஸ்வீப் லாட்டரி. ஸ்வீப் சீட்டில் வந்த லாபம் மைதானம் கட்டப் போனது. அப்பா சம்பளம் வாங்கியதும் முதல் வேலையாகச் சீட்டுதான் எடுப்பார். ஒரு தடவையும் விழவில்லை. அம்மா திட்டினால், "காலாங்கில் நமக்கும் ஒரு பலகை இருக்கு" என்பார்.

ரவி மாமா: மச்சான், அப்படிப் பார்த்தால் எனக்கும் இப்போது ஒரு அரங்கம் வந்திருக்க வேண்டும்.

மாலா அத்தை: இந்தப் பேச்சை அப்புறம் வீட்டில் வைத்துக்கொள்வோம்.

கதிர்: பலகையா? நாற்காலி இல்லையா?

பெரியப்பா: கேலரியில் ஏது நாற்காலி! படிப்படியாக நீளப் பலகை. வெயிலில் காய்ந்து சிலும்பு சிலும்பாக நிற்கும். செய்தித்தாளை விரித்துப் போட்டுத்தான் உட்காருவோம். கையில் காகிதச் சுருளில் கச்சாங் பூத்தே, அதான் வறுத்த கடலை. கால்பந்து ஆட்டத்தில் ரெஃப்ரி தப்பாக விசில் ஊதினால் போதும், ஐம்பதாயிரம் பேரும் ஒரே குரலில் "ரெஃப்ரி காயு!" காயு என்றால் மரக்கட்டை. தமிழன், மலாய்க்காரன், சீனன் எல்லாருக்கும் திட்ட மட்டும் அந்த ஒரே மலாய்ச் சொல்தான். பக்கத்தில் இருப்பவன் காதில் கத்தினாலும் கேட்காது. அதைத்தான் காலாங் ரோர் என்பது.

பிரியா: எத்தனை பேர் உட்காரலாம் பெரியப்பா?

பெரியப்பா: 55,000. புதியதும் அதே 55,000தான். 1973 ஜூலை 21 அன்று லீ குவான் யூ திறந்துவைத்தார். செப்டம்பரில் தென்கிழக்காசிய நாடுகளின் சீப் விளையாட்டுப் போட்டி அங்கேதான் நடந்தது. 1976-லிருந்து 2006 வரை 18 தேசிய தின அணிவகுப்பும் அங்கேதான்.

மாலா அத்தை: அதில் ஒன்றில் நானும் ஆடினேன். ஒத்திகை என்று சனிக்கிழமை முழுக்க வெயிலில் நிற்க வைத்தார்கள். டிவியில் என் கைதான் தெரிந்தது. என் கைதான் என்று அம்மா சத்தியம் செய்தார்.

ரவி மாமா: 1994-ல் நம்ம அணி மலேசியக் கால்பந்துக் கிண்ணத்தைத் தூக்கியதும் காலாங்கில்தானே?

பெரியப்பா: இல்லை மாப்பிள்ளை. இறுதி ஆட்டம் ஷா ஆலமில். பஹாங்கை 4-0. அப்பாஸ் சாட் மூன்று கோல். 1977-ல் பினாங்கை 3-2 வென்றது கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில். கிண்ணம் அங்கே, சத்தம் இங்கே. 94 வெற்றிக்கு அப்புறம் வசூல் பங்குத் தகராறில் சிங்கப்பூரே விலகிவிட்டது. அதோடு அந்தப் பழைய கூட்டமும் போச்சு. உள்ளூர்க் கால்பந்துப் போட்டியாக எஸ்-லீக் வந்தது, பலகை பாதி காலி.

கதிர்: அப்போ நம்ம ஆட்கள் யாராவது விளையாடினார்களா?

பெரியப்பா: என்ன கேள்வி இது! 77-ல் கேப்டனே சமத் அல்லாபிச்சை. எஸ். ராஜகோபால் ஃப்ரீ கிக் எடுக்க வந்தால் பலகையில் இருப்பவன் எல்லாம் எழுந்துவிடுவான். பந்து வெளியே போகிற மாதிரி போய், வாழைக்காய் மாதிரி வளைந்து வலைக்குள் விழும்.

ரவி மாமா: சுந்தரமூர்த்தியை விட்டுவிட்டீர்களே மச்சான். 1993-ல் புருணைக்கு எதிராக அந்தரத்தில் படுத்து அடித்த பைசைக்கிள் கிக்! காலாங்கில் அதைவிட அழகான கோலை நான் பார்த்ததில்லை.

பிரியா: அவ்வளவு நல்ல மைதானத்தை ஏன் இடித்தார்கள்?

ரவி மாமா: பழசாகிவிட்டது, விளையாட்டு மையம் கட்டப் போகிறோம் என்றார்கள். 2007 ஜூன் 30, பிரியாவிடை ஆட்டம். ஆஸ்திரேலியாவிடம் 0-3. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தோம். உலகம் முழுக்கப் பணநெருக்கடி, கட்டுமானம் தள்ளிப்போனது. விடைகொடுத்த பிறகும் அது பாட்டுக்கு நின்றது. 2010-ல்தான் இடிக்கத் தொடங்கினார்கள். புதியதைத் திறந்ததும் ஜூன் 30-தான், 2014-ல்.

பெரியப்பா: திறந்த வருடமே புல் சரியில்லை. பிரேசில், ஜப்பான் ஆட்டத்தில் புல்லைவிட மணல்தான் அதிகம் தெரிந்தது. கூரையை மூடித் திறக்கத் தெரிகிறது, புல் வளர்க்கத் தெரியவில்லை.

கதிர்: இப்போது சரியாகிவிட்டது பெரியப்பா.

பெரியப்பா: சரி சரி.

மாலா அத்தை: அந்தப் பலகைகளை என்ன செய்தார்கள்?

ரவி மாமா: கொஞ்சத்தை எடுத்து பெஞ்சு செய்தார்கள்.

பெரியப்பா: நம்ம பலகை எதில் இருக்கோ!

கதிர்: வாக்கெடுப்பு போட்டுவிட்டேன். யார் பெரிய ஆள்? ராஜகோபாலா, சுந்தரமூர்த்தியா?

பெரியப்பா: சமத் பெயர் எங்கே? அழித்துவிட்டு மறுபடி போடு.