சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்

ஒரு தகப்பன்:

எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள், 27 வாரத்திலேயே பிறந்துவிட்டார்கள். மகள் 820 கிராம், மகன் 940. மகள் இரண்டு நிமிடம் மூத்தவள். இரண்டு பேரையும் இன்குபேட்டரில் வைத்தார்கள். அந்த வாரங்களில் பிறக்கும் குழந்தைக்கு, நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து நிற்க வேண்டிய திரவம் போதுமான அளவு ஊறியிருக்காதாம். அதையே மருந்தாகக் குழாய் வழியே மூச்சுப்பாதைக்குள் விட்டார்கள். அப்புறமும் மூச்சு விட வேண்டும் என்பதே குழந்தைக்கு அவ்வப்போது மறந்துபோகும். மானிட்டர் கத்தும். நர்ஸ் வந்து பெட்டியின் பக்கத் துவாரத்தில் கையை விட்டு உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவார். திடுக்கிட்டு மூச்சை இழுக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் எண் 78, 84, 91 என்று மேலே ஏறும். அதைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபம் என்று தனியாக எதுவும் வாயில் வரவில்லை.

ஒன்பதாம் நாள் மகள் போய்விட்டாள். ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்றார்கள். துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அதே நேரத்தில் ஆறடி தள்ளி மகனுடைய மானிட்டர் கத்தியது. நான் திரும்பிவிட்டேன். மகளைக் கையில் வைத்துக்கொண்டு மகனுடைய எண்ணைப் பார்த்தேன். அப்படித் திரும்பியதற்காக அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

63ஆம் நாள் மகனோடு வீட்டுக்கு வந்தோம். அடுத்த ஞாயிறே சபையில் சாட்சி சொல்ல, அதாவது கர்த்தர் செய்த நன்மையை எல்லார் முன்னும் எழுந்து சொல்ல, கூப்பிட்டார்கள். அன்பாகத்தான் கூப்பிட்டார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் "கர்த்தர் என் மகனைக் காப்பாற்றினார்" என்று ஆரம்பித்தால் அடுத்த வரி என்ன? இரண்டு பேருக்கும் ஒரே சீட்டில்தான் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தோம். நான் எழுந்திருக்கவில்லை. விசுவாசம் குறைந்துபோயிற்று என்று ஒரு பெரியவர் வீட்டுக்கே வந்து புத்தி சொன்னார். கூட வந்தவர், "கவலைப்படாதீங்க, மறுபடியும் ஒரு பெண்பிள்ளை கொடுப்பார்" என்றார். என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் எட்டு மாதம், ஜெபம் என்று சொல்லும்படி நான் எதுவும் செய்யவில்லை. பைக் ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள் கத்துவேன், அவ்வளவுதான். எழுத முடியாத வார்த்தைகளெல்லாம் வரும். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "யார்கிட்ட பேசிட்டு வர்றீங்க? தினமும் தொண்டை கட்டியிருக்கே?"

"அவர்கிட்டதான்."

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. அப்புறம், "நீங்க பேசவாவது செய்றீங்க" என்றாள்.

*

ஒரு மகள்:

அண்ணா, உங்களுக்குக் கத்தவாவது முடிந்தது. எனக்குக் கோபமே வரவில்லை, களைப்புதான் வந்தது. அம்மாவுக்கு ஆறு வருடமாக மறதி நோய். முழங்காலில் நின்றே எங்களை வளர்த்தவர், கடைசியில் ஜெபிப்பதையே மறந்துவிட்டார். சாயங்காலம் ஆனால் பயம் பிடித்துக்கொள்ளும். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்" என்று வாசல் கதவை இழுப்பார். என்னைப் பார்த்து "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்பார். அந்த "நீங்க"தான் தாங்க முடியாது.

அப்போது எனக்கு வேதத்தில் படிக்க முடிந்தது 88ஆம் சங்கீதம் என்ற ஜெபப் பாட்டு ஒன்றுதான். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசிக்குள் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். 88 திரும்பாது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். இப்படி ஒன்றையும் வேதத்துக்குள் விட்டுவைத்திருக்கிறாரே என்பது மட்டும் எனக்குப் பிடிமானமாக இருந்தது. அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைத்ததுபோல் எழுதவும் மனம் வரவில்லை.

*

விபத்தில் பிழைத்தவன்:

சாட்சி சொன்னவன் நான். கால் எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர்கள் சொல்லி, எடுக்காமலே பிழைத்தவன். நன்றியை உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை, அது பொய்யும் இல்லை. அதனால் சாட்சியே சொல்லக் கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்று. மைக்கைப் பிடித்த பிறகுதான் கடைசி பெஞ்சில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருடைய மனைவி. அவர் பிழைக்கவில்லை. நான் எழுதி வைத்திருந்ததில் பாதியைச் சொல்லவில்லை.

*

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்:

தகப்பனாருக்கு மட்டும் ஒரு வார்த்தை, உபதேசம் இல்லை. வேதத்தில் யோபு என்பவர் ஆடுமாடு, பிள்ளைகள் எல்லாவற்றையும் இழந்து, தேவனிடம் கத்தி, கடைசியில் திரும்பப் பெறுகிறார். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கடைசிக் கணக்கைப் போட வைப்பேன். 7,000 ஆடு 14,000 ஆகிறது. 3,000 ஒட்டகம் 6,000. ஏர்மாடும் கழுதையும்கூட இரண்டு மடங்கு. எல்லாம் இரட்டிப்பாகத் தந்தார் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் பிள்ளைகள்? முதலில் 7 மகன்கள், 3 மகள்கள். திரும்பவும் அதே 7, அதே 3.

"கணக்கு தப்பா இருக்கே மிஸ்" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கையைத் தூக்கும். முதல் பத்துப் பேரையும் சேர்த்து எண்ணிப் பார் என்பேன். செத்த ஆடு போனது போனதுதான். பிள்ளைகள் அப்படி இல்லை என்றால் இருபது வருகிறது, கணக்கு சரியாகிவிடும். வசனத்தில் இப்படி வெளிப்படையாக இல்லை. பழைய காலத்திலிருந்தே இப்படி வாசிக்கிறவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் வாசிக்கிறேன்.

இன்னொன்று, உங்கள் வீட்டுக்கு வந்த பெரியவருக்கு. கடைசி அதிகாரத்தில் தேவன் கோபப்படுவது கத்திய யோபின்மேல் இல்லை. தேவனுக்காக வக்காலத்து வாங்கிய சிநேகிதர்கள்மேல்.

*

ஒரு தகப்பன்:

மிஸ், உங்கள் கணக்கை மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

மகனுக்கு இப்போது நாலு வயது. ராத்திரி அசையாமல் தூங்கினால் இன்னும் உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பேன். "அப்பா!" என்று சிணுங்கிவிட்டுத் திரும்பிப் படுப்பான். நான் இன்னும் சாட்சி சொல்லவில்லை. ஹெல்மெட்டுக்குள் பேசுவது நிற்கவில்லை, சத்தம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

போன வாரம் பள்ளிக்கூட விண்ணப்பத்தை நிரப்பினோம். "உடன்பிறந்தோர்" என்ற கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். மனைவி என் கையிலிருந்து பேனாவை வாங்கி, "அக்கா – 1" என்று எழுதினாள்.