மாநிறக் குழந்தைப் பொம்மை: தோல் சாம்பல் பூத்தது போல வருகிறது, என்ன செய்யலாம்?

வண்ணக்கிளி:
ரீபார்ன் பொம்மை, அதாவது நிஜக் குழந்தை போலவே தெரியும்படி பெயிண்ட் பூசும் பொம்மை, செய்து பழகுகிறேன். கிட் (பெயிண்ட் பூசாத தலை, கை, கால் பாகங்கள்) இளஞ்சிவப்பு வினைல், பெயிண்ட் ஜெனிசிஸ் ஹீட் செட், ஓவனில் சூடாக்கினால்தான் காயும் வகை. வீடியோக்களில் பெரும்பாலும் வெள்ளைக்காரக் குழந்தையின் நிறம்தான் சொல்லித் தருகிறார்கள், எனக்கு வேண்டியது நம் வீட்டுக் குழந்தை மாதிரி மாநிறம். பழுப்பில் கொஞ்சம் வெள்ளை கலந்து பூசினால் முகமே உயிரில்லாமல் சாம்பல் பூத்து நிற்கிறது. இன்னும் அடர்த்தியாகப் பூச வேண்டுமா?

தூரிகை:
அடர்த்தி வேண்டவே வேண்டாம். முதலில் வெள்ளையை ஒதுக்கி வையுங்கள், டைட்டானியம் வெள்ளை ஒளி ஊடுருவாத நிறமி, பழுப்போடு சேர்ந்தால் சுண்ணாம்பு பூசியது போலத்தான் இருக்கும். வெளிறிய மாநிறம் வேண்டுமென்றால் வெள்ளை சேர்ப்பதற்குப் பதில் பெயிண்டை நீர்க்கவைக்கும் தின்னரைக் கூட்டி, கீழே இருக்கும் வினைலே தெரியும்படி விடுங்கள். உங்கள் கிட் இளஞ்சிவப்பு என்பதால் முதல் பூச்சு யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), அதில் துளி பச்சை, அந்தச் சிவப்பு அடங்கும். அப்புறம் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அதற்கு மேல் பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), ஒவ்வொன்றும் தண்ணீர் போல மெல்லிசாக. பிரஷ்ஷால் தடவிவிட்டு உடனே மேக்கப் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், கோடே தெரியக்கூடாது. நிழல் விழும் மடிப்புகளுக்குக் கறுப்பு வேண்டாம், அம்பரில் துளி அல்ட்ராமரைன் நீலம் போதும்.

பிரசவவார்டு_அக்கா:
பெயிண்ட் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் பிறந்த குழந்தைகளைத் தினமும் பார்க்கிறவள் என்பதால் சொல்கிறேன். நம் குழந்தைகள் பிறந்தவுடன் முழு நிறத்தில் இருப்பதில்லை, சிவப்பாக, வெளிறித்தான் இருக்கும், நிறம் வாரக்கணக்கில் மெல்ல ஏறும். அதனால்தான் பாட்டிமார் காது மடலையும் நகக்கண்ணையும் பார்த்து "இவன் மாநிறம்தான்" என்பார்கள். அந்த இடங்கள், விரல் கணுக்கள் எல்லாம் ஒரு படி கருமையாக இருக்கட்டும். உள்ளங்கை, உள்ளங்கால் வெளுப்பு, சிவப்பு கலந்தது. உடம்பு முழுக்க ஒரே பழுப்பு அடித்தால் எத்தனை நல்ல பெயிண்டாக இருந்தாலும் குழந்தையாகத் தெரியாது. இன்னொன்று, இடுப்புக்குக் கீழே முதுகில் நீலச்சாம்பல் திட்டு நம் குழந்தைகளில் நிறையப் பேருக்கு இருக்கும், வளர வளர மங்கிவிடும். பொம்மைகளில் யாருமே அதைப் போடுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

வண்ணக்கிளி:
அக்கா, காது மடல் விஷயம் எங்கள் வீட்டிலும் சொல்வார்கள், பெயிண்டோடு சேர்த்து யோசிக்கவே இல்லை! தூரிகை, ஒவ்வொரு பூச்சுக்கும் ஓவனில் வைக்க வேண்டுமா? சமையல் ஓவன் ஒன்றுதான் இருக்கிறது.

தூரிகை:
ஆமாம், ஒவ்வொரு பூச்சுக்கும் வைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த பூச்சில் இருக்கும் தின்னர் கீழே இருப்பதைக் கரைத்துவிடும். சுமார் 130 டிகிரி செல்சியஸ், 8 நிமிடம். ஓவன் காட்டும் சூட்டை நம்பாமல் உள்ளே தனித் தெர்மாமீட்டர் வையுங்கள், சூடு ஏறினால் வினைல் பளபளக்கும், உருவம் கெடும். சமையல் ஓவனில் மட்டும் செய்யாதீர்கள். வினைல் சூடாகும்போது வரும் புகை சாப்பாட்டுப் பக்கமே போகக்கூடாது, வேறு ஓவன் எடுத்து ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அதற்கு வழியில்லையென்றால் காற்றில் உலரும் அக்ரிலிக் இருக்கிறது, சீக்கிரம் காய்வதால் ஒற்றி எடுக்க நேரம் குறைவு, ஒரு நேரத்தில் ஒரு கை, ஒரு கால் என்று முடித்துக்கொண்டு போகலாம். அக்கா சொன்ன அந்த நீலத் திட்டு துணி உடம்புப் பொம்மையில் வராது, முதுகுப் பக்கமும் வினைலாக உள்ள கிட் வேண்டும். அடுத்ததில் நான் போடப்போகிறேன்.